அலுமாரிக்கு மேல் கிடக்கும் ரவுட்டர்

திருகோணமலையில் பழைய ரவுட்டரைக் குப்பையில் போட்ட ஆளை நான் இன்னும் காணவில்லை. அலுமாரிக்கு மேல், டிவி மேசையின் கீழ்த்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள் அடப்டரோடு சுற்றி என்று எங்காவது ஒன்று கிடக்கும். டெலிபோன் கம்பியில் இன்டர்நெட் வந்த காலத்தில் வாங்கியது. பிறகு வீட்டுக்கு ஃபைபர் வந்தது, அல்லது சிம் போடும் 4ஜி ரவுட்டர் வந்தது. பழையது ஓய்வுக்குப் போய்விட்டது. இன்னும் சில மாரியில் செத்தவை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் கறுத்துக்கொண்டு வரும் இடிமழையில் டெலிபோன் லைனோடு ரவுட்டரும் போவது இங்கே வழமை. "மின்னலுக்கு மோடம் போட்டுது" என்று சொல்லிவிட்டு அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்துவிடுவார்கள்.

அப்படி வைக்கப்பட்டவற்றில் பல சாகவே இல்லை என்பதுதான் என் கட்சி. செத்தது ஒரு மூலை. மிச்சம் அப்படியே இருக்கிறது.

ரவுட்டர் என்று ஒரே பெயரில் நாம் சொல்லும் பெட்டிக்குள் நாலு வேலைகள் நடக்கின்றன. டெலிபோன் கம்பியில் வரும் சிக்னலைத் தரவாக மாற்றும் மோடம் ஒன்று. வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று எது எங்கே போக வேண்டும் என்று பார்க்கிற, உண்மையான ரவுட்டர் வேலை இரண்டாவது. மூன்றாவது வைஃபை. நாலாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: பின்னால் வரிசையாக இருக்கிற, நெட்வொர்க் கேபிள் செருகுகிற நாலு லான் போர்ட்களும், அவற்றின் பின்னால் இருந்து தரவை உரிய துளைக்கு அனுப்புகிற சுவிட்சும். ஒன்று போனால் மற்றதும் போக வேண்டும் என்றில்லை. வைஃபை போன ரவுட்டரின் சுவிட்ச் நன்றாக வேலை செய்யும். மின்னல் பட்டதில் மோடம் மட்டும் கருகியிருக்கும்.

நம்பாதவர்கள் ஒருக்கா மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். கழற்ற முதல் அடப்டரைப் பிடுங்கிவிடுங்கள். திருகாணி இரண்டு கீழே தெரியும், மற்ற இரண்டும் றப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எங்கள் ஊரில் திறந்தால் முதலில் தெரிவது எலக்ட்ரோனிக்ஸ் அல்ல, எறும்பு. சூடான பெட்டி என்பதால் பல்லியும் முட்டையிட்டு வைத்திருக்கும். அதைத் தட்டித் துடைத்தபின் பார்த்தால், டெலிபோன் வயர் செருகும் சின்னத் துளைக்குப் பின்னால் பச்சைப் பலகையில் ஒரு கறுப்புத் தழும்பு இருக்கும். மின்னல் வந்த வழி அது. கம்பத்துக்குக் கம்பம் வெளியே நீண்டு கிடக்கிற கம்பியில் ஏறிய மின்சாரம் அந்தத் துளையால்தான் உள்ளே வருகிறது. லான் போர்ட்களுக்குப் பின்னால் கறுப்புச் செவ்வகமாக ஒரு உறுப்பு இருக்கும். சின்ன டிரான்ஸ்போர்மர்கள் அடங்கிய பெட்டி அது. கேபிளுக்கும் பலகைக்கும் நடுவில் 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்று, இந்தக் கேபிள் இணைப்புகளுக்கான எதர்நெட் தரமே கேட்கிறது. நேரே விழுகிற இடிக்கு அது காணாது. ஆனால் வீட்டுக்குள்ளே ஓடுகிற சின்னக் கேபிளுக்குப் பெரும்பாலும் அந்தளவு வருவதில்லை. அதனால்தான் மோடம் போகும்போது லான் பக்கம் தப்பிக்கொள்கிறது.

கடற்கரைப் பக்கம், திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ இருந்த ரவுட்டர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லான் துளைக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் வரிசையாக இருக்கும். பொன்னிறமாக இருக்க வேண்டியவை உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, காயவிட்டுப் போட்டால் பல போர்ட்கள் திரும்பிவிடும். திரும்பாத போர்ட்டுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி, அதை மறந்துவிடலாம்.

இதெல்லாம் எனக்கு வேலைக்கு வந்தது அத்தானின் கடையில். சிவன் கோயிலடிப் பக்கம் ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறார். போட்டோகொப்பி, பிரிண்ட், ஸ்கேன், பிள்ளைகளுக்கு ஒப்படை அடிப்பது, பாஸ்போர்ட் அளவுப் படம், ரீலோட். இரண்டு கொம்பியூட்டர், லான் துளையுள்ள ஒரு பெரிய போட்டோகொப்பி மெஷின், பிறகு காவல் கமராக்களின் படத்தைப் பதிகிற கமராப் பெட்டி ஒன்று. இன்டர்நெட்டுக்கு ஒரு 4ஜி ரவுட்டர். அதன் முதுகில் ஒரேயொரு லான் துளை. சிம் ரவுட்டர்கள் பலவற்றில் இப்படித்தான் ஒன்றோ இரண்டோ வைத்திருப்பார்கள், எல்லாரும் வைஃபையில் பாவிப்பார்கள் என்ற நினைப்பில். ஆனால் கொம்பியூட்டரிலிருந்து மெஷினுக்கு அறுபது பக்க ஒப்படை போகும்போது வைஃபை நடுவில் மூச்சு வாங்கும். வரிசையில் நிற்கிறவர்கள் அத்தானைப் பார்ப்பார்கள், அத்தான் என்னைப் பார்ப்பார்.

கடைக்குப் போய் ஒரு ஐந்து போர்ட் சுவிட்ச் வாங்கியிருக்கலாம். இதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. புதுச் சுவிட்ச் சின்னது, சூடாகாது, ஒரு செட்டிங்கும் இல்லை, செருகினால் ஓடும். காசு இருந்தால் அதை வாங்குங்கள். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியபிறகு, வெளியிலிருந்து வருகிற சின்னச் சாமானுக்கும் இரண்டு தடவை யோசிக்கிற பழக்கம் இங்கே பலருக்கு வந்துவிட்டது. அத்தானின் வீட்டு அலுமாரிக்கு மேலோ சும்மா ஒன்று கிடந்தது.

கொண்டுவந்து கடை மேசையில் வைத்ததும் அவர் கேட்டார்: "தம்பி, மின்னல் அடிச்ச சாமானைக் கடைக்குள்ள வைக்கிறீர். போட்டோகொப்பி மெஷினும் சேர்ந்து போயிடாதோ?"

நியாயமான கேள்வி. மின்னல் பெட்டிக்குள் தங்கியிருக்கும் நோய் அல்ல, டெலிபோன் வயர் இனி அதில் ஏறப்போவதும் இல்லை. அடப்டர் வேறு விஷயம். மின்னல் பிளக் பொயின்ட்டாலும் வந்திருக்கலாம். அதனால் ரவுட்டரை வெறுமனே ஓடவிட்டு, அடப்டரைத் தொட்டுப் பார்த்தோம். கருகல் மணம், உறுமல் சத்தம், கை வைக்க முடியாத சூடு இதில் ஏதாவது இருந்தால் அந்த அடப்டரைப் பாவிக்கக் கூடாது. எங்களுடையதில் ஒன்றும் இல்லை.

சுவிட்ச் என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதர்நெட்டை ரொபர்ட் மெட்காஃபும் டேவிட் பொக்ஸும் 1973 அளவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் தொடங்கியபோது எல்லாக் கொம்பியூட்டரும் ஒரே தடித்த கேபிளில் தொங்கின. ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும், இரண்டு சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பும். பிறகு வந்த ஹப் என்ற பெட்டியும் வந்ததை எல்லாத் துளைக்கும் திருப்பி அனுப்பியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. 1990இல் கலிபோர்னியாவில் கல்பனா என்ற பெயரில் ஒரு சின்னக் கம்பனி முதலாவது எதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாலு வருடத்தில் அதை சிஸ்கோ வாங்கிவிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் பிறப்பிலேயே வருகிற 48 பிட் மெக் முகவரியைச் சுவிட்ச் வாசிக்கும். இந்த முகவரி இந்தத் துளையில் இருக்கிறது என்று தானே குறித்துக்கொள்ளும். முதல் தடவை ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் எல்லாத் துளைக்கும் அனுப்பும். பதில் வந்த துளையைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை நேரே அங்கே மட்டும். அத்தானின் ஒப்படை முதலாவது கொம்பியூட்டரிலிருந்து மெஷினுக்குப் போகும்போது இரண்டாவது கொம்பியூட்டரின் கம்பியில் அதன் வாசனைகூட வராது. பழைய ரவுட்டரின் நாலு துளைகளுக்கும் பின்னால் இருப்பது இதே வேலையைச் செய்கிற சிப்தான்.

அப்படியென்றால் அப்படியே செருகினால் போதாதா? போதாது. பெட்டிக்குள் சுவிட்சோடு கூடவே அந்த மற்ற ஆளும், உண்மையான ரவுட்டரும், இன்னும் விழித்திருக்கிறார். தான்தான் வீட்டுக்குப் பொறுப்பு என்ற நினைப்பில் இருப்பார். அவரை அடக்க வேண்டும்.

அடக்குவது இரண்டு இடத்தில். முதலாவது டிஎச்சிபி. நெட்வொர்க்குக்குள் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரியைக் கொடுத்து, வெளியே போகிற வாசல் எது என்று சொல்லிவிடுகிற வேலை இது. ஒரு நெட்வொர்க்கில் இதை ஒருவர்தான் செய்ய வேண்டும். அரச அலுவலகமான கச்சேரியில் ஒரே கவுண்டருக்கு இரண்டு பேர் இரண்டு மூலையில் நின்று தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடக்கும். யார் முதலில் நீட்டுகிறாரோ அவரின் டோக்கனைக் கருவி வாங்கிக்கொள்ளும். பழைய ரவுட்டர் கொடுத்ததை வாங்கியது, வெளியே போக அந்தப் பழைய ரவுட்டரிடமே போய் நிற்கும். அதற்கோ வெளியே போகக் கம்பி இல்லை.

இரண்டாவது பழைய ரவுட்டரின் சொந்த முகவரி. பெரும்பாலானவை 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிறந்திருக்கும். வீட்டுக்குள் யாரும் பாவிக்கலாம் என்று 1996இல் ஒதுக்கிய முகவரித் தொகுதியில் அடங்கியவை இவை. பிரதான ரவுட்டருக்கும் அதே முகவரி இருந்தால் இரண்டும் ஒரே பெயரில் பேசி நெட்வொர்க்கே குழம்பிவிடும். அத்தானின் சிம் ரவுட்டரின் முகவரி 192.168.8.1, பழையது 192.168.1.1. மோதல் இல்லை. முகவரியை மாற்றாமல் விட்டாலும் சுவிட்ச் ஓடும், ஏனென்றால் சுவிட்சுக்கு ஐபி முகவரி தேவையே இல்லை. ஆனால் பிறகு ஒரு நாள் அதன் செட்டிங் பக்கத்தைத் திறக்க வேண்டி வந்தால் கம்பியைக் கழற்றிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். மாற்றிவிடுவதுதான் வசதி.

செய்த விதம் இது. பழைய ரவுட்டரை எதனுடனும் இணைக்காமல், ஒரு கொம்பியூட்டரோடு மட்டும் லான் கேபிளால் தொடுத்தோம். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஊசி போகிற அளவுத் துளைக்குள் பேப்பர் கிளிப்பை விட்டு, எல்லா விளக்கும் ஒருக்கா அணைந்து வரும்வரை பத்து விநாடி அளவில் அழுத்திப் பிடித்தோம். பழைய பாஸ்வேர்ட், பழைய கணக்கு எல்லாம் போய்விடும். அடியில் மஞ்சள் பிடித்த ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியை அடித்து உள்ளே போனால் லான் என்று ஒரு பக்கம். இந்த மாதிரிப் பழைய ரவுட்டர்களில் ஐபி முகவரியும் டிஎச்சிபியும் பெரும்பாலும் அந்த ஒரே பக்கத்தில்தான். முகவரியை 192.168.8.2 என்று மாற்றி, டிஎச்சிபியை நிறுத்தி, இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் சேவ் பண்ணினோம். இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்தால் முதலில் முகவரியை மாற்றுங்கள். கேபிளைக் கழற்றிப் போட்டு, புது முகவரியில் மறுபடி உள்ளே போய், பிறகு டிஎச்சிபியை நிறுத்துங்கள்.

ஏன் 2? பிரதான ரவுட்டர் தான் வழங்குவதற்கென்று ஒரு எல்லை வைத்திருக்கும். அத்தானுடையதில் அது 100 தொடக்கம் 200 வரை. நாங்கள் கையால் வைக்கிற முகவரி அதற்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றைக்காவது யாரோ ஒருவரின் ஃபோனுக்கு அதே இலக்கம் போய்விடும். சில ரவுட்டர்களில் எல்லை 2இலிருந்தே தொடங்கும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிட்டு இலக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

சேவ் பண்ணியதும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். அது பிழை இல்லை. ரவுட்டர் புது முகவரிக்குக் குடிபோய்விட்டது, நீங்கள் பழைய வாசலில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இனி சிம் ரவுட்டரின் லான் துளையிலிருந்து ஒரு கேபிள், பழைய ரவுட்டரின் நாலு லான் துளைகளில் ஏதாவது ஒன்றுக்கு. மிச்சம் மூன்று துளை. இரண்டு கொம்பியூட்டர், ஒரு மெஷின். கமராப் பெட்டிக்கு இடம் இல்லையே என்று அத்தான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பெரிய கொம்பியூட்டரைக் கேபிளில் வைத்துவிட்டு, படிவம் நிரப்ப மட்டும் பாவிக்கிற மற்றதை வைஃபையிலேயே விட்டோம். இடம் வந்துவிட்டது.

டெலிபோன் துளை உள்ள ஏடிஎஸ்எல் ரவுட்டர் இந்த வேலைக்கு வாய்ப்பான சாமான் என்பேன். அதில் பெரும்பாலும் எதர்நெட் துளை நாலும் லான்தான், பிழையாகச் செருக வாய்ப்புக் குறைவு. ஃபைபருக்கோ கேபிளுக்கோ வந்த ரவுட்டரில் ஐந்தாவதாக, பெரும்பாலும் வேறு நிறத்தில், இன்டர்நெட் என்று எழுதிய ஒரு துளை இருக்கும். பெயரைப் பார்த்து அதற்குள் செருகத்தான் கை போகும். செருகினால் இன்டர்நெட் வரவும் செய்யும், அதுதான் மோசம். ஆனால் பழைய ரவுட்டர் தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கி, எல்லாரையும் ஒரு முகவரிக்குள் மறைத்துவிடும். முன்னால் இருக்கிற ரவுட்டரும் அதையே செய்வதால் மறைப்பு இரட்டிப்பாகும். உள்ளே இருக்கிற பிரிண்டரை வெளி வைஃபையில் இருக்கிற ஃபோன் காணாது. "நெட் வருது, பிரிண்ட் வருதில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள். புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் அக்சஸ் பொயின்ட் என்று ஒரு தெரிவு உண்டு. அதைத் தட்டினால் மேலே சொன்னதையெல்லாம் தானே செய்து, ஐந்தாவது துளையையும் சாதாரணத் துளையாக்கிவிடும்.

டிஎச்சிபியைப் பற்றி இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், அது உடனே காட்டிக்கொடுக்காது. மனையாவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு ட்யூஷன் வகுப்பில் இதே மாதிரி ஒரு பழைய ரவுட்டர் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் பாதிக் கொம்பியூட்டரில் இன்டர்நெட் இல்லை, பாதியில் இருக்கிறது. மத்தியானம் வேலை செய்தது பின்னேரம் செய்யாது. கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், சிம் கம்பனிக்கு ஃபோன் அடித்துத் திட்டினார்கள். கடைசியில் நெட் வராத கொம்பியூட்டரில் அது எந்த வாசலைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தபோது விஷயம் தெரிந்தது: கேட்வே என்ற இடத்தில் பழைய ரவுட்டரின் பிறப்பு முகவரி. நெட் மெதுவாக இருந்த ஒரு நாள் யாரோ ஒரு பொடியன் நல்லெண்ணத்தில் ஊசித் துளையை அழுத்தியிருக்கிறான். டிஎச்சிபி உயிர்த்தெழுந்துவிட்டது. வாங்கிய முகவரியைக் கருவிகள் சில மணிநேரமோ ஒரு நாளோ வைத்திருக்கும் என்பதால், கெடுதல் ஒரேயடியாக வராமல் ஒவ்வொன்றாக வந்தது. இப்போது நான் பார்க்கிற எல்லாப் பழைய ரவுட்டரிலும் அந்தத் துளைக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டி, 'அழுத்த வேண்டாம்' என்று எழுதிவிடுகிறேன்.

இன்னொரு தொல்லை வளையம். எனக்குத் தெரிந்த இன்னொரு கடையில் கூட்டித் துடைக்கிற தங்கச்சி சரியான ஒழுங்கு. மேசைக்குக் கீழ் ஒரு கேபிளின் நுனி சும்மா தொங்குவதைக் கண்டு, பாவம், வெறுமையாக இருந்த துளையில் செருகிவிட்டார். மற்ற நுனி ஏற்கெனவே அதே ரவுட்டரில். போன தரவு அதே வழியால் திரும்பி வந்து, மறுபடி போய், பெருகிக்கொண்டே போகும். எல்லாத் துளையின் விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கும், எதுவும் வேலை செய்யாது. இதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985இல் ஒரு முறையை வகுத்தார். பெரிய சுவிட்ச்களில் அது உண்டு, வீட்டு ரவுட்டரில் அதை நம்பியிருக்க முடியாது. கேபிளைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. பாவிக்காத கேபிளின் இரண்டு நுனியையும் கழற்றிச் சுருட்டி வைக்கச் சொன்னேன்.

வேகம் பற்றி ஆசை வளர்க்க வேண்டாம். அந்தக் காலத்து ஏடிஎஸ்எல் ரவுட்டர்களின் லான் துளைகள் பெரும்பாலும் விநாடிக்கு 100 மெகாபிட் மட்டும்தான். கடை வேலைக்கு அது தாராளம். ஒரு கமரா நாலு மெகாபிட் அளவில் கேட்டால் நாலு கமராவுக்கும் 16தான். ஆனால் கலியாண வீடியோ வெட்டுகிறவர்கள் ஒரு கொம்பியூட்டரிலிருந்து மற்றதுக்குப் பத்து ஜிகாபைட் நகர்த்தினால் கால் மணித்தியாலம் அளவில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் ஜிகாபிட் சுவிட்ச் வாங்குவதுதான் சரி.

இந்தக் குறைந்த வேகத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருந்தாலும் 100 மெகாபிட்டுக்கு நாலு போதும்: ஒரேஞ்ச் சோடி, பச்சைச் சோடி. ஜிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும். எலி கடித்து மண்ணிறச் சோடி அறுந்த ஒரு கேபிள் கடையில் இருந்தது. அதையே இங்கே போட்டோம், ஒரு குறையும் இல்லை. நுனி உடைந்திருந்தால் புதுக் கிளிப் அடித்துவிடலாம். கிளிப்பின் கொக்கி உங்களுக்கு மறுபக்கம் இருக்கப் பிடித்தால், இடமிருந்து ஒரேஞ்ச்-வெள்ளை, ஒரேஞ்ச், பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, மண்ணிறம்-வெள்ளை, மண்ணிறம். இரண்டு நுனியிலும் ஒரே வரிசை. பச்சையைப் பிரித்து நடுவில் நீலத்தை விடுவது எல்லாருக்கும் முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். முறுக்கிய சோடியாக ஓடினால்தான் குறுக்கீடு குறையும், ஒரு சோடியின் கம்பியை மற்றதோடு மாற்றிப் போட்டால் விளக்கு எரியும், வேகம் இருக்காது. நீளம் 100 மீற்றருக்கு உள்ளே.

அந்த 100 மீற்றர் என்றதும் பக்கத்து வீட்டுக்கு மதிலுக்கு மேலால் கேபிள் இழுக்கலாமே என்று பலருக்கு யோசனை வரும். செப்புக் கேபிளை வீட்டுக்கு வீடு வெளியால் இழுக்காதீர்கள். இரண்டு வீட்டின் எர்த்தும் ஒன்றல்ல, மாரி மின்னலுக்கு அது நல்ல ஏணி. டெலிபோன் வயரால் வந்து மோடத்தை எரித்த அதே சங்கதி, இந்தத் தடவை லான் பக்கத்தால் நுழைந்து கொம்பியூட்டரையும் கொண்டுபோகும். இடி முழங்கும்போது அத்தான் அடப்டர்களைப் பிடுங்கிவிடுகிறார். மழைக்கு முதலே பிடுங்குவது இன்னும் நல்லம்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபிறகு ரவுட்டருக்கென்று மினி யூபிஎஸ் வாங்காத கடை குறைவு. சிம் ரவுட்டரை மட்டும் அதில் கொழுவி, சுவிட்சாக மாறிய பழையதைச் சுவர் பிளக்கில் விட்டால் பாதி வேலைதான் நடக்கும். கரண்ட் போனதும் கேபிளில் இருக்கிற எல்லாம் துண்டிக்கப்படும். இரண்டையும் யூபிஎஸ்ஸில் போட வேண்டும். போடும்போது அடப்டரில் எழுதியதை வடிவாகப் பார்க்க வேண்டும்: ஒன்று 12 வோல்ட்டாக இருக்கும், மற்றது 9. செருகும் நுனி ஒன்றுபோலவே பொருந்தும், அதுதான் ஆபத்து. 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 கொடுத்தால் இந்த முறை உண்மையாகவே சாகும்.

பழைய ரவுட்டரின் வைஃபையை என்ன செய்வது? கடையில் நிறுத்திவிட்டோம். புது மென்பொருள் வராத பழைய பெட்டி அது, அதன் பூட்டும் பழையது. உள்ளே போகிற பாஸ்வேர்டையும் மாற்றினோம், ஸ்டிக்கரில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் உவர்மலையில் சித்தியின் பழைய வீட்டுக்கு இதே வகை ரவுட்டர் ஒன்றை வைஃபைக்காகவே வைத்தேன். கைமுழம் தடிப்பான கற்சுவர், முன் விறாந்தையில் இருக்கிற ரவுட்டரின் சிக்னல் குசினிக்குப் போவதற்குள் இளைத்துவிடும். கேபிளை யன்னல் விளிம்பால் கொண்டுபோய் பின்பக்கம் பழைய ரவுட்டரைக் கொழுவி, டிஎச்சிபியை நிறுத்தி, முன் ரவுட்டரின் அதே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, அலைவரிசையை மட்டும் வேறாக வைத்தேன். 1, 6, 11 மூன்றில் முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று. அதற்கு முதல் வைஃபையின் பூட்டு டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை வரை வருகிறதா என்று பார்த்தேன். வராத ரவுட்டர் என்றால் வைஃபைக்கு வேண்டாம். சித்தி இப்போது குசினியில் நின்றே கனடாவில் இருக்கிற மகளோடு கதைக்கிறா.

அத்தானுக்கு அத்தோடு திருப்தி வரவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கும் இந்தப் பெட்டியாலேயே வைஃபை விடலாமே என்றார். கூடாது என்று சொன்னேன். சுவிட்சுக்கு ஆள் பிரிக்கத் தெரியாது. அதன் வைஃபையில் ஏறுகிறவர் எல்லாரும் போட்டோகொப்பி மெஷின் இருக்கிற, கமராப் பெட்டி இருக்கிற அதே நெட்வொர்க்குக்குள்தான் வந்து நிற்பார்கள். மெஷினின் ஞாபகத்திலோ ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டைப் பிரதி. வெளியாருக்கு வைஃபை கொடுப்பதென்றால் சிம் ரவுட்டரிலேயே கெஸ்ட் என்று தனி வைஃபை இருக்கிறது, அதில் ஏறினால் இன்டர்நெட் மட்டும் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அதைத் திறந்து கொடுத்தேன். குறைந்தது ஐந்து பிரதி எடுத்தால்தான் பாஸ்வேர்ட் என்று அத்தான் இப்போது சட்டம் போட்டிருக்கிறார்.